ஓய்வு பெற்ற கேப்டன் திரும்பி வந்தபோது: நம் பக்கத்து விமானிகளின் அனுபவங்கள்

வலது இருக்கை, பாளையங்கோட்டை

விமானிகளின் ஓய்வு வயதை உயர்த்தியதும், ஏற்கெனவே வீட்டுக்குப் போனவர்களை ஒப்பந்தத்தில் திரும்ப அழைத்ததும், அதனால் என்னைப் போல வலது இருக்கையில் அமரும் துணை விமானிகள் கேப்டனின் இடது இருக்கைக்கு மாறுவது தள்ளிப்போனதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆடி மாதம், சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வகைகுளத்துக்கு மாலைப் பயணம், ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம். இடது இருக்கையில் இருந்தவருக்கு 62 வயது. ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, அழைப்பு வந்ததும் திரும்பியவர். எனக்கு இந்த விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. வகைகுளத்து ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடப்பதால் ஆடிக்காற்று அங்கே பெரும்பாலும் எதிர்க்காற்றாகத்தான் வரும். ஆனாலும் வல்லநாட்டுக் குன்றுகளைத் தாண்டி வருகிற காற்று சீராக வராது, புரண்டு புரண்டு வரும் என்பது அங்கே இறங்கியவர்களுக்குத் தெரியும். உப்பளங்களை முதுகில் விட்டு மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். 500 அடியில் வேகம், இருக்க வேண்டிய அளவைவிட 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கி.மீ.) கூடுதலாக இருந்தது. அந்த உயரத்தில் விமானம் நிலைப்படவில்லை என்றால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும். அதை அறிவிப்பது விமானத்தைக் கையில் வைத்திராதவரின் பொறுப்பு, அன்று என் பொறுப்பு.

"கோ அரவுண்ட்" என்றேன். அவருடைய வலது கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவர்களின் மேல் இருந்தது. மோதிர விரலில் நவரத்தின மோதிரம், புறங்கையில் புடைத்த நரம்பு. அந்தக் கை அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். பிறகு அசைந்தது, ஏறினோம், ஒரு சுற்றுச் சுற்றி வந்து தேங்காய்ப்பூப் போல இறக்கினார். எஞ்சின்களை அணைத்த பிறகு என் முகத்தைப் பாராமலே, "நீ சொன்னது சரிதாம்டே, கொஞ்சம் முன்னயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

அந்த இரண்டு விநாடிகளை வயதின் கணக்கில் எழுதுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இடது இருக்கைக்காக ஆறு ஆண்டுகளாகக் காத்திருப்பவனின் மனம் அதை வயதின் கணக்கில் எழுதத்தான் விரும்புகிறது என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆற்றங்கரையான், இப்போது டெக்சாஸ்

அமெரிக்காவில் விமானிகளுக்கு 1960 முதல் நடைமுறையில் இருந்த 60 வயது வரம்பு, 2007 டிசம்பர் 13 அன்று அதிபர் இட்ட கையெழுத்தில் 65 ஆயிற்று. அதற்கு முந்தைய நாள் 60 முடித்தவருக்கு அது பொருந்தவில்லை. அவர் தொடர்ந்து பறக்க வேண்டுமென்றால், அன்றைய தேதியில் விமானி அறையில் விமானப் பொறியாளர் இருக்கையிலாவது பணியில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பணிமூப்பு எதுவும் கணக்கில் வராமல் புதிய ஆளாகத்தான் சேர முடியும். எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுப்பு, இடதா வலதா என்று எல்லாவற்றையும் சீனியாரிட்டி பட்டியலே முடிவுசெய்கிற ஒரு தொழிலில், முப்பது ஆண்டுப் பணியைத் துடைத்துவிட்டுக் கடைசி வரியில் பெயர் எழுதுவது எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படிக் கடைசி வரியில் சேர்ந்த ஒருவருடன் ஒரு குளிர்காலத்தில் பறந்தேன். நான் கேப்டன் ஆவதற்கான தேர்வில் என்னைச் சோதித்தவர் அவர். இப்போது நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம். நான்கு பட்டை இருந்த தோளில் மூன்று பட்டை. புறப்படுமுன் விமானத்தை வெளியே சுற்றிப் பார்த்து வருவது துணை விமானியின் வேலை. அன்று பனியும் மழையும் கலந்து பெய்தது. "இன்று நான் போய்வருகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். சன்னல் வழியாகப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் வெளிச்சம் பாய்ச்சி, எனக்குக் கற்றுத்தந்த அதே வரிசையில் ஒன்றையும் விடாமல் பார்த்தார். மேலே வந்ததும் நனைந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, கேப்டன்" என்றார். அவர் என்னைக் கேப்டன் என்று அழைத்தது அதுவே முதல் முறை. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

பாளையங்கோட்டைத் தம்பிக்கு ஒன்று. கை அசையாத இரண்டு விநாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாய் திறக்காத விநாடிகள் எத்தனை என்று எழுதவில்லை.

பழைய காக்கி பை, திருச்செந்தூர் சாலை

எனக்கு இப்போது 76 வயது. கிழவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டார்கள் என்ற பேச்சு இங்கே வாடிக்கையாக வருவதால் எழுதுகிறேன். 58இல் இங்கே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், வளைகுடாப் பக்கம் ஒரு நிறுவனம் அழைத்தது, போனேன். பணத்துக்காகவும்தான், அதை மறைக்கவில்லை.

2006 நவம்பரில் உலக விதி விமானிகளை 65 வயது வரை அனுமதித்தபோது ஒரு நிபந்தனையும் உடன் வந்தது. இருவரில் ஒருவர் 60ஐத் தாண்டியிருந்தால் மற்றவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும். 2010இல் ஒருநாள், திருவனந்தபுரத்துக்குப் புறப்பட வேண்டிய விமானத்தில் பயணிகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உடல்நலமில்லாத துணை விமானிக்கு மாற்றாகக் கடைசி நேரத்தில் வந்தவரும் என்னைப்போல ஒப்பந்தக்காரர். எனக்கு 61, அவருக்கு 60 முடிந்து இரண்டு மாதம். பணிப்பட்டியல் போடுகிற பெண் மூச்சிரைக்க வந்து, "ஐயா, நீங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டக் கூடாது" என்றார். இறங்க வேண்டியவன் நான். முன்கதவில் உணவு வண்டி ஏற்றிக்கொண்டிருந்ததால், பையைத் தூக்கிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே பின்கதவு வரை நடந்தேன். சீருடையோடு போகிறவனை அத்தனை பேரும் பார்த்தார்கள். மகன் வீட்டுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த நம் ஊர் ஆச்சி ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, "என்னய்யா, வண்டி போவாதா?" என்று கேட்டாள். போகும் ஆச்சி, வேறு ஆள் வருவார் என்றேன். "அப்ப ஒங்களுக்கு என்னய்யா?" என்றாள்.

அந்த நிபந்தனையை 2014 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதற்குள் 65 முடிந்துவிட்டது.

ஸ்பேனர், மகாராஜநகர்

நான் விமானியல்ல, பராமரிப்புப் பொறியாளர். ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தேன். முதல் நாளே வாயிற்காவலர் என்னுடைய பழைய அட்டையை வாங்கிக்கொண்டு பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் சம்பளம் பறந்த மணிக்கணக்குக்கா மாதத்துக்கா என்று முதலில் பாருங்கள், சிமுலேட்டரில் உட்காரும் நாள்களுக்கு ஊதியம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். 60க்கு மேல் மருத்துவச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், ஒரு சோதனையில் தற்காலிகத் தகுதியின்மை வந்தாலும் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று கேளுங்கள். உரிமம் போனால் பணம் தரும் காப்பீடு எந்த வயதோடு நிற்கிறது என்பதைப் பாருங்கள்; பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. பழைய இ.சி.ஜி. தாள்களை எறியாதீர்கள், புதிய தாளில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், பத்து ஆண்டாக அப்படித்தான் இருக்கிறது என்று காட்ட அவைதான் சாட்சி. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடப்பது நல்லது, நடந்து முடித்து நேராக நெய் மணக்கும் பொங்கல் கடைக்குப் போவது நல்லதல்ல. கடைசியாகப் பறந்து 90 நாளுக்கு மேல் ஆகியிருந்தால், மூன்று முறை ஏறி இறங்கிக் காட்டாமல் பயணிகளோடு பறக்க முடியாது. ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்தவர் அதோடு நிற்காமல் சிமுலேட்டரில் கூடுதல் நேரம் கேட்டு வாங்க வேண்டும், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று: விமானிகளின் வயது வரம்பை 67க்கு உயர்த்துவார்கள் என்று நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்க மக்களவை 2023இல் 67 என்று நிறைவேற்றியது. 2024 மே மாதம் சட்டமானபோது அந்த 67 அதில் இல்லை. 2025இல் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் மாண்ட்ரியலில் கேட்டபோதும் கிடைக்கவில்லை. ஜப்பான்காரன் தன் நாட்டுக்குள் 67 வரை ஓட்டுகிறான் என்றால் அது அவன் ஊர்.

இருநூறு மணி, சேரன்மகாதேவி

பெரியவர்களின் அவமானத்தைப் படிக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. பொங்கல் கடை ஆலோசனையை மட்டும் என்னால் பயன்படுத்திக்கொள்ள முடியாது. உரிமம் எடுத்து மூன்று ஆண்டாகியும் வேலை கிடைக்காதவனுக்கு மைதானமும் மிச்சம், பொங்கலும் மிச்சம்.

200 மணி நேரம் பறந்த நான் ஒரு கேப்டனின் இடத்தில் உட்கார முடியாது என்று பதில் வரும் என்பது தெரியும். அவர் நகர்ந்தால் துணை விமானி அங்கே போவார், அந்த வலது இருக்கைதான் எனக்கு. இத்தனைக்கும் என்னால் திரும்பி வருகிறவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா. அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கில், மாலையும் இல்லாமல் பிரியாவிடையும் இல்லாமல் 58 முடித்து ஓய்வு பெற்றார். மே 7 அன்று தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது; மே மாதம் ஓய்வு பெற வேண்டியவர்களுக்கு அது பொருந்தியது. மறுநாள் காலை அவர் செய்தித்தாளை விரித்து அந்தப் பத்தியைப் படித்தார். பிறகு, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி தாளை மடித்து, இன்னும் ஒருமுறை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தார். அவரைத் திரும்ப அழைத்திருந்தால், கடைசி வரியில் பெயர் எழுதச் சொன்னாலும் போயிருப்பார்.

வலது இருக்கை, பாளையங்கோட்டை

டெக்சாஸ் அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது முறையல்ல. பறப்புத் தரவைப் பார்க்கும் பிரிவினர் இறங்கும் முயற்சி கைவிடப்பட்டதைக் குறித்து எங்கள் இருவரையும் அழைத்தார்கள். வரைபடம் திரையில் இருந்தது. 500 அடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது 420 அடியில். அந்த இறக்கத்தில் அது ஏறக்குறைய ஏழு விநாடி. அவர் கை அசைந்தது இரண்டு விநாடி கழித்து. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் கேப்டன், "காற்று மோசமாக இருந்தது, நான்தான் நேரம் எடுத்துக்கொண்டேன்" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டார். நானும் அதற்குக் கீழே கையெழுத்திட்டேன்.

அவருடைய ஒப்பந்தம் வருகிற மாதம் புதுப்பிப்புக்கு வருகிறது.