தாத்தாவின் பட்டாளத்துப் பதிவேடு தேடியவர்கள் இங்கே சொல்லுங்கள்

வடஆற்காடு பேரன்

எங்கள் வீட்டை ஊரில் ‘ஓடியாந்தவன் வீடு’ என்பார்கள். தாத்தா இரண்டாம் உலகப்போரில் சாப்பர்ஸில், அதாவது படையின் பொறியியல் பிரிவில் இருந்தார். போர் முடிந்து வந்தார், பென்ஷன் வரவில்லை. அடுத்த தெருவில் ஒருவருக்கு வந்தது. அதை வைத்தே, இவர் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவர் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் பாட்டி காதுபடவே பேசுவார்கள். தாத்தா வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது, லாங் ரோலில் (சேர்ந்த எல்லாரையும் ஆளுக்கு ஒரு வரியாக எழுதிவைக்கும் பதிவேடு) உள்ள பதிவு மட்டும் இணைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. ஒரே ஒரு வரியின் நகல். எண், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி. கடைசிக் கட்டத்தில், போருக்குப் பிந்தைய படைக் குறைப்பில் விடுவிக்கப்பட்டார் என்று சாய்வான கையெழுத்தில் இருந்தது. மொத்தச் சேவை நாலு வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் சேவை இருக்க வேண்டும். அடுத்த தெருக்காரர் போருக்கு முன்பே சேர்ந்து சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தவர். விஷயம் இவ்வளவுதான்.

பெரியத்தையிடம் படித்துக் காட்டினேன். “உள்ளே உட்கார்ந்து எதுக்குடா படிக்கிறே, திண்ணைக்கு வா, சத்தமாப் படி” என்றாள். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய பேச்சே தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பாட்டியும் போய்விட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூணாம் தலைமுறை

படிக்கவே நெஞ்சு கனக்கிறது அண்ணா. ஆனால் லாங் ரோல் கிடைக்கும் என்று எல்லாரும் நம்பிவிட வேண்டாம். நான் தேடுவது முதல் உலகப்போரில் போன கொள்ளுத்தாத்தாவை.

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதைப் பார்க்கலாம். 1914-1919 பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எங்கள் கல்லில் உயிர் கொடுத்தவர் ஒருவர். பெயர் இல்லை. அந்த ஒருவர் எங்கள் ஆள் என்று அப்பா சொல்வார். அதே ஊரில் இன்னொரு குடும்பமும் எங்கள் ஆள் என்கிறது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினேன். மெசபடோமியா (இன்றைய ஈராக்) என்று வீட்டுப் பேச்சில் இருந்ததால் பாஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். அங்கே இந்தியப் படையில் அதிகாரிகளின் பெயரைத்தான் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். ஊரிலும் எண்ணிக்கை, ஆறு கடல் தாண்டி அங்கேயும் எண்ணிக்கை. சிப்பாய்களின் பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன, தளத்திலும் தேடலாம். அதில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரில் ஒருவருக்கு மேல் வருகிறார்கள். எந்த வரிக்குப் பக்கத்தில் ஊர் பெயர் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ராத்திரியை மறக்க முடியவில்லை. ஒன்றில்கூட எங்கள் ஊர் இல்லை.

வெலிங்டன் ரிட்டயர்டு

என் கதை சின்னது. பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். அவர் எண்ணை அவருடைய வார் மெடலின் விளிம்பிலிருந்து எடுத்தேன், வேலை முடிந்தது. ஆனால் இங்கே எழுதியிருப்பதைப் பார்த்தால் எல்லாரும் பெயரை வைத்தே தேடுகிறீர்கள். பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்.

பரணில் மெடல் இருந்தால் முதலில் அதை எடுங்கள். இரண்டாம் போருக்கு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெடல்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படைக்குக் கொடுத்ததில் பொறித்தார்கள். வட்டமான வார் மெடல் என்றால் விளிம்பில் பாருங்கள். பர்மா ஸ்டார் போல ஆறு முனை நட்சத்திரம் என்றால் பின்பக்கம் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கெழுத்து நாலும் இருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கிவிடும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தடவி எடுங்கள்.

படைப்பிரிவு தெரிந்தால்தான் எந்த ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுவது என்று தெரியும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, மருத்துவப் பிரிவு லக்னோ, தளவாடப் பிரிவான ஆர்டனன்ஸும் வண்டி, ஆயுதம் பழுது பார்க்கும் ஈ.எம்.இ.யும் செகந்திராபாத். உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோர் பெங்களூரு. டெல்லிக்கு எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

மனுவுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். பதிலுக்கு 30 நாள். அடுத்தவர் விவரம் என்று தள்ளிவிடக் கூடாது என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்து அனுப்புங்கள். மாவட்டத்தின் பெயரை அன்றைய எழுத்தில் எழுதுங்கள், டின்னவெல்லி, டிரிச்சினாப்பொலி, ராம்நாட், சிங்கிள்புட் என்று. இனிஷியலை விரித்துத் தகப்பன் பெயரை முழுசாக எழுதுங்கள். ‘சேவை ஆவணம்’ என்று பொதுவாகக் கேட்டால் அழித்தாயிற்று என்ற பதில்தான் வரும். பென்ஷன் இல்லாதவர் கோப்பை 25 வருஷத்தில் அழிக்கலாம் என்று விதியே இருக்கிறது. லாங் ரோல் நிரந்தரம். அதனால் லாங் ரோல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வடஆற்காடு தம்பி, இதையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி தருகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டிருந்தால் உங்கள் பாட்டிக்குக் கிடைத்திருக்கும்.

வடஆற்காடு பேரன்

ஐயா, டிஸ்சார்ஜ் புக் கறையான் அரித்துப் போயிருந்தது. எண்ணே தெரியாத ஒரு கிழவி எந்த ஆபீசில் போய் எதைக் காட்டிக் கேட்பாள்? நான் எழுதியது பணத்துக்காக இல்லை. ஓடிவந்தவர் இல்லை என்று ஒரு வரி, அது அவள் இருக்கும்போது வந்திருக்க வேண்டும்.

தோட்டக்காட்டு வாரிசு

ரெஜிமென்ட்டுக்கு எழுதுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் ஐயா. எங்கள் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கிருந்து நேராக நேதாஜி படையில் சேர்ந்தார். பிரிட்டிஷ் படையில் அவர் இருந்ததே இல்லை, எந்த ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் அவருக்கு எண் இருக்கும்? ஐ.என்.ஏ.வில் அப்படிச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிரிட்டிஷ் படையிலிருந்து வந்து சேர்ந்தவர்களைப் பிற்பாடு பிரிட்டிஷார் விசாரித்து, விசுவாசத்தை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவருக்குச் சம்பளப் பாக்கியும் போச்சு, வேலையும் போச்சு. ஆனாலும் அவர்கள் பெயர் ஒரு காகிதத்தில் இருந்தது.

1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். ரங்கூன் பக்கம் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்ததற்கு யாரிடம் போய்ச் சான்று வாங்குவது? கூடச் சிறையிருந்தவர் எழுதிக் கொடுத்தால் ஏற்பார்கள் என்றதும் அப்பா ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர் கட்டிலை விட்டு எழ முடியாதவர். தாத்தாவைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் அணிவகுப்பில் பாடும் பாட்டை மெதுவாக ஆரம்பித்தார். இரண்டாவது அடியை அந்தக் கிழவர் எடுத்துப் பாடினார். அப்புறம் கைநாட்டு வைத்தார்.

அந்தக் கிழவர் பெயரில் தியாகி பென்ஷன் இல்லாததால் அவர் சான்று செல்லாது என்று மனு திரும்பிவிட்டது. எந்த ஆபீஸ் என்று இங்கே எழுத விரும்பவில்லை. அந்த இரண்டாவது அடியை விடப் பெரிய சான்று வேறு என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சிப்பாய் பேத்தி

என் தாத்தா 15 வருஷத்தைத் தாண்டியவர், பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் கேட்டோம். பதிவேட்டில் மனைவி என்று வேறு பெயர் இருக்கிறது என்று கடிதம் வந்தது. நெருங்கிய உறவினர் விவரம் எழுதும் கிண்ட்ரட் ரோலின் நகலும் கூடவே.

தாத்தாவுக்கு முதல் மனைவி ஒருத்தி இருந்து, அவர் பட்டாளத்தில் இருக்கும்போதே பிரசவத்தில் இறந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பாட்டியைக் கட்டியதை அவர் பிரிவில் தெரிவித்து பார்ட் டூ ஆர்டரில் (கல்யாணம், பிறப்பு போன்ற மாற்றங்களைப் பதியும் உத்தரவு) ஏற்றவே இல்லை. நகலைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று முழித்தேன். பாட்டி பெயரைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். “அவ படத்துக்குக்கூட வழியில்லாமப் போனவ. அவ பேரை அடிக்கச் சொல்லாதே, என் பேரைக் கீழே எழுதச் சொல்லு” என்றாள்.

முதல் மனைவியின் இறப்புக்கு ஊராட்சியில் பதிவு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதிக் கொடுத்தார், நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போட்டோம், வாக்காளர் அட்டை வைத்தோம். நீண்ட இழுத்தடிப்புக்குப் பிறகு அலகாபாத்திலிருந்து பி.பி.ஓ., அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவு வந்தது. உங்கள் வீட்டில் பட்டாளத்துப் பென்ஷன்காரர் யாராவது இப்போது உயிரோடு இருந்தால், மனைவி பெயர் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள்.

மூணாம் தலைமுறை

வெலிங்டன் ஐயா, நீங்கள் மெடலைப் பற்றி எழுதியதைப் பார்த்து அப்பாவிடம் கேட்டேன். அத்தை வீட்டில் ஒன்று இருக்கிறதாம், சாமி படத்துக்குப் பின்னால். முதல் போர் மெடலிலும் விளிம்பில் எண் இருக்குமா?

வெலிங்டன் ரிட்டயர்டு

இருக்கும் தம்பி. அந்தப் போரின் வெள்ளி மெடலில் விளிம்பில்தான் பொறித்தார்கள். எண்ணையும் பிரிவையும் இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள். வடஆற்காடு தம்பி, உங்கள் பதிலைப் படித்தேன். அந்தக் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை.