காட்டெருமைகளை அழித்தது ராணுவமா, தோல் வியாபாரமா?

பழையசுவடி: வட அமெரிக்கக் காட்டெருமை என்றாலே, பழங்குடிகளைப் பட்டினி போட ராணுவம் அழித்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1871 வாக்கில் அந்தத் தடித்த தோலைப் பதனிடும் வழி பிடிபட்டது. எந்திர பெல்ட்டுக்குத் தோதான தோல். மறு ஆண்டே கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்தது. 1874 முடிவதற்குள் கான்சஸில் சுடுவதற்கு மந்தையே இல்லை. இதற்கு எந்தத் தளபதி உத்தரவு போட வேண்டும்?

முல்லைக்கொடி: உத்தரவு எதற்கு, தடுக்காமல் இருந்தாலே போதுமே! 1874-ல் காட்டெருமைப் பாதுகாப்பு மசோதா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறியது. அதிபர் கிராண்ட் கையெழுத்துப் போடவில்லை, அப்படியே செத்துப்போனது.

தேன்கூடு: வேட்டை நடந்த விதத்தையும் பாருங்கள். காற்றுக்கு எதிர்ப்புறம் படுத்துக்கொண்டு, முதலில் மந்தையை நடத்தும் பசுவை நுரையீரலில் சுடுவார்கள். அது சட்டென விழாமல் தள்ளாடும். மற்றவை ஓடாமல் அதையே சுற்றி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். தோலை உரித்து முளையடித்துக் காயவைப்பார்கள். கறி பெரும்பாலும் அங்கேயே அழுகும். படிக்கவே மனம் பதறுகிறது.

பழையசுவடி: கொடுமைதான். ஆனால் சரிவு முன்பே தொடங்கிவிட்டது. 1840-களிலேயே பழங்குடிகள் விற்ற, ரோமம் நீக்காத காட்டெருமைத் தோல் போர்வைகள் மிசௌரி ஆற்றுப் படகுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குப் போயின. வறட்சியும் சேர்ந்துகொண்டது.

முல்லைக்கொடி: அந்தப் போர்வை ஒவ்வொன்றையும் பெண்கள் கையால் சுரண்டி, விலங்கின் மூளையைத் தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். அவர்கள் கை எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் வியாபாரம். தோல் வேட்டைக்கு அந்த வரம்பும் கிடையாது. தெற்கே பழங்குடிகளுக்கு 1867 மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் தந்த வேட்டை நிலத்துக்குள்ளும் தோல்காரர்கள் புகுந்தார்கள். கொமான்சே, செயென் பழங்குடியினர் 1874 ஜூனில் அடோபி வால்ஸ் என்ற வேட்டைக்காரர் முகாமைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு படை யார் மேல் ஏவப்பட்டது? அத்துமீறிய வேட்டைக்காரர்கள் மேல் இல்லை, பழங்குடிகள் மேல்!

பழையசுவடி: தெற்கைப் பற்றிச் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். வடக்கே? லகோட்டா பழங்குடிகளுடனான போர் 1877-லேயே ஓய்ந்துவிட்டது. 1881-ல் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கு ரயில் வந்த பிறகுதான் அங்கே பெரும் வேட்டை. 1883-ல் வட மந்தையும் முடிந்தது. அதை முடித்தது சந்தை மட்டும்தான்.

முல்லைக்கொடி: அப்போதாவது அரசு தடுத்திருக்கலாமே? யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் காட்டெருமையைச் சுட்டால் முறையான தண்டனை என்ற சட்டமே 1894-ல்தான் வந்தது. தோலை வாங்கியவனோடு சேர்த்து, வேடிக்கை பார்த்த அரசையும்தான் நான் குற்றவாளி என்கிறேன்.