செல்ஃப் சுற்றுகிறது, பிளக்கில் பொறி இல்லை: உங்கள் அனுபவம் என்ன?

குடந்தைக்காரன்:

அப்பா விட்டுச்சென்ற 1984 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. போன சித்திரையில் திருவாரூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினோம். குடவாசலைத் தாண்டியதும் வண்டி அணைந்துவிட்டது. இருமல் இல்லை, திக்கல் இல்லை, விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில். பாதி விடை அதிலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. பெட்ரோல் தடைப்பட்டால் வண்டி நாலு முறை விக்கிவிட்டுத்தான் நிற்கும். கரண்ட் போனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்த மெக்கானிக், பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் பிளக் ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பெட்ரோலில் நனைந்திருந்தது. அதே பிளக்கை வயரில் மாட்டி, இன்ஜின் மேல் படுக்கவைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. அதுவரை மனிதர் சரியாகத்தான் போனார். அதன்பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்ற ஆரம்பித்தார். பேட்டரியின் வோல்ட்டைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் காயில் புதிது, பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் புதிது, காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் குட்டி சுவிட்சான பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். ஒவ்வொன்றுக்கும் நாலு முறை செல்ஃப் அடித்ததில் பேட்டரி முனகத் தொடங்கியது. பின் சீட்டில் அத்தை, மடியில் பழத்தட்டுடன், ‘முகூர்த்தம் போய்விடும்’ என்பதை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

டிக்கியில் அப்பாவின் டெஸ்ட் லாம்ப் கிடந்தது. 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்று, இரண்டு வயர், முனைகளில் கிளிப். அவ்வளவுதான். சாவியைத் திருப்பிவிட்டு, ஒரு கிளிப்பை பாடியிலும் மற்றதைக் காயிலின் சாவிப் பக்க முனையிலும் வைத்தேன். எரிந்தது. அதாவது சாவி சுவிட்ச் வரை பழுதில்லை. பிறகு காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (பாயிண்ட் உட்கார்ந்திருப்பதும், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவதும் இதுதான்) போகும் முனையில் வைத்தேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைய வேண்டும், திறக்கும்போது எரிய வேண்டும். எப்போதுமே எரியவில்லை என்றால், காயிலுக்குள் அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டோ கண்டன்சரோ பாடியோடு ஒட்டி எர்த் ஆகிக்கிடக்கிறது. எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், கரண்ட் பாயிண்ட் வழியாக இறங்கவே இல்லை.

பேட்டரியைக் காப்பாற்ற, செல்ஃப் அடிக்காமல் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றியிருந்ததால் பாயிண்ட் திறந்து மூடுவது கண்ணெதிரே தெரிந்தது. இடைவெளியும் சரிதான், 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். பல்பு மட்டும் அசையாமல் எரிந்தது. புதிதாகத் தேய்த்த பாயிண்ட், அழுத்தமாக மூடுகிறது, ஆனாலும் கரண்ட் இறங்கவில்லை. பிறகு எங்கேதான் அறுந்திருக்கிறது?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு விரல் நீளத்தில் குட்டி வயர் ஒன்று, வெளி முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகிறது. இன்ஜினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், பாயிண்ட் இருக்கும் தட்டை இழுக்கும்போதெல்லாம் அந்த வயரும் கூடவே வளைகிறது. தட்டை விரலால் நகர்த்தினேன், பல்பு கண் சிமிட்டியது. வயரின் மேலுறை முழுசு, உள்ளே செம்பு இழை அறுந்துவிட்டது. மெக்கானிக் பெட்டியில் இருந்த மெல்லிய பல இழை வயரை வெட்டிப் போட்டோம். கெட்டியான ஒற்றை வயரைப் போட்டால் தட்டு நகராது, மறுபடி ஒடியும். இரண்டாவது சுற்றிலேயே வண்டி கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

கழற்றிய காயிலும் கண்டன்சரும் நல்லவைதான். இன்றும் டிக்கியில் இருக்கின்றன.

சேலத்து 800:

என்னுடையது கார்புரேட்டர் மாருதி 800, பாயிண்ட் கிடையாது, எலக்ட்ரானிக் இக்னிஷன். ஏற்காட்டு மலைப்பாதையில் நின்றது. பொறி இல்லை என்றதும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள், விலையும் சொன்னார்கள். எனக்கு உறுத்தியது செல்ஃப் சத்தம். வழக்கமாக மூச்சு வாங்கி வாங்கிச் சுற்றும் இன்ஜின், அன்று தையல் மெஷின் போல லேசாகச் சர்ரென்று ஓடியது. கேப்பைக் கழற்றிவிட்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். கேப்புக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் ரோட்டர் அசையவே இல்லை. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்திருந்தது. கேப்பின் இரண்டு கிளிப்பைத் தள்ளிப் பார்க்கும் வேலைதான். அதைச் செய்யாமல் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

வடமராட்சி:

எங்கள் வீட்டில் மொரிஸ் மைனர் கார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, பெற்றோல் என்பது கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சாமான். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அதனால் பிளக் எல்லாம் கரி. வயர் முனையில் பொறி பாயும், பிளக்கில் பாயாது. கரி வழியே கரண்ட் இறங்கிவிடும். அம்மாவின் அடுப்பில் பிளக்கைச் சுட்டுத் துடைத்துப் பூட்டுவது எனது காலை வேலை.

ஒரு மாரி மழையில் அதுவும் பலிக்கவில்லை. காயில் வயரில் நல்ல நீலப் பொறி, பிளக் வயர் நான்கிலும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் இடையில் இருப்பது கேப்பும் ரோட்டரும்தான். ஐயா காயில் வயரை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு அருகில் பிடித்து இன்ஜினைக் கையால் சுற்றும் ஹாண்டிலைச் சுற்றச் சொன்னார். பொறி பாயவில்லை. பாய்ந்திருந்தால் ரோட்டர் வழியே கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். ஆக, மிஞ்சியது கேப். கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோதுதான் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. கரண்ட் தனக்கென்று வெட்டிக்கொண்ட குறுக்குப்பாதை. துடைத்தால் போகாது. பிளேட்டால் சுரண்டி, அக்காவின் நகப்பூச்சான கியூடெக்ஸை இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டோம். புதுக் கேப் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அதுதான் ஓடியது. அக்காதான் நெடுநாள் பேசவில்லை.

குடந்தைக்காரன்:

வடமராட்சி, நேற்று என் கேப்பைக் கழற்றிப் பார்த்தேன். அதே கோடு, இன்னும் முடிபோல மெல்லியதாக. புதுக் கேப்புக்குச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் மகளின் மேசையிலிருந்து ஒரு சிவப்புப் புட்டி டெஸ்ட் லாம்பின் பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அவள் இன்னும் தேடவில்லை.