ஸ்பேஸ் இன்வேடர்ஸை பிரவுசரில் ஆடினால் அது அதே ஆட்டமா?

கோட்டைவாசி:
நேற்று ராத்திரி ஒரு தளத்தில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடினேன், பத்து நிமிஷத்தில் மூடிவிட்டேன். மேலிருந்து இறங்கும் வேற்றுகிரகவாசிகளைக் கீழே நம் கப்பலிலிருந்து சுடுகிற பழைய வீடியோ கேம் அது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 பேர் இறங்குவார்கள். ஆள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமெடுப்பார்கள், கடைசி ஒருத்தன் பாய்ந்து ஓடுவான், அவனை அடிக்கத்தான் இத்தனை பாடும். இங்கே அவனும் ஆடி அசைந்து நடக்கிறான்! 90களில் காட்பாடி ரோட்டில் ஒரு வீடியோ கேம் கடையில் ரூபாய் ரூபாயாகப் போட்டு ஆடியவன் நான். ஆன்லைனில் அது வராது.

சத்துவாச்சாரி தம்பி:
அண்ணா, அது அந்தத் தளத்தின் கோளாறு. 1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ என்பவர் இதைச் செய்தபோது உள்ளே இருந்தது இன்டெல் 8080 என்ற சிப். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஆளைத்தான் நகர்த்தும். 55 பேரும் ஓர் அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும், ஒருத்தன் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு முறையும் அவனே நகர்வான். அந்த வேகம் வந்தது இப்படித்தான். பார்த்துப் பார்த்து புதிதாக எழுதிய நகல்களில் சிலதில் இது இருக்காது, பழைய புரோகிராமையே ஓட்டுகிற எமுலேட்டரில் அப்படியே வரும். நீங்கள் ஆடியது நகலாகத்தான் இருக்கும்.

கோட்டைவாசி:
சரி, வேகத்தை ஒத்துக்கொள்கிறேன். கைக்கு என்ன சொல்கிறாய்? இதில் ஒரு குண்டு எதிலாவது பட்டாலோ திரையை விட்டுப் போனாலோதான் அடுத்த குண்டு, அதனால் பட்டனை அழுத்துகிற நேரம்தான் எல்லாமே. பிரவுசரில் கொஞ்சம் தாமதித்தாலும் குறி தப்புகிறது. அப்புறம் தோற்றால் உடனே மறுபடி, மறுபடி. ஒரு ரூபாய் போனால் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான் என்ற நிலையில் ஆடினால்தான் கேடயத்துக்குப் பின்னால் பதுங்கிப் பொறுமையாக அடிக்க வரும்.

ஆம்பூர் வாசகி:
அண்ணா, அந்த மாதிரிக் கடைக்குள் நாங்கள் எந்தக் காலத்தில் போனோம்? எங்கள் ஊரிலும் ஒன்று இருந்தது, உள்ளே பையன்கள் கூட்டம். அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடப் போய் வாசலிலேயே நிற்பேன், திரை தெரியாது, ஆட்டத்தின் பின்னணியில் ஒலிக்கிற அந்த நாலு சுரம் இறங்கி இறங்கி வருவது மட்டும் கேட்கும். அது வேகமாகும்போதே உள்ளே யாரோ ஜெயிக்கப் போகிறார்கள் அல்லது சாகப் போகிறார்கள் என்று தெரியும். நான் முதன்முதலாக ஆடியதே போன வருஷம், லேப்டாப்பில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ஓசியில் திரும்பத் திரும்ப ஆட முடிந்ததால்தான் எண்ணிச் சுடப் பழகினேன். 23ஆவது குண்டில் மேலே போகிற பறக்கும் தட்டை அடித்தால் 300 புள்ளி, அதன் பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டிலும் அடித்தால் அதே 300. உங்கள் கடையில் எத்தனை பேர் குண்டை எண்ணிச் சுட்டார்கள்?

சத்துவாச்சாரி தம்பி:
தாமதம் இருப்பது உண்மைதான். ப்ளூடூத்தை விட்டுவிட்டு ஒயர் வைத்த கீபோர்டில் ஆடிப் பாருங்கள் அண்ணா, எனக்கு அதில் குறைந்தது.

கோட்டைவாசி:
எண்ணியதில்லை அம்மா, யாருக்கும் தெரியாது. ஆனால் பணயம் இல்லாமல் ஆடுவது வேறு ஆட்டம்தான், அதில் நான் மாற மாட்டேன். எமுலேட்டர் ஓடுகிற தளம் எது என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒயர் கீபோர்டோடு உட்காருகிறேன்.

ஆம்பூர் வாசகி:
அனுப்புகிறேன். நான் காசு எதுவும் போடவில்லை, ஆனாலும் என் கடைசிக் கப்பல் மட்டும் மிச்சம் இருக்கும்போது எனக்குக் கை வியர்க்கிறது அண்ணா.