பொருள்: மறு: டெபியன் பொதிகளில் 'காப்பிரைட்' கோப்பு, தமிழ்ப் பெயர்

வணக்கம். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் ஒவ்வொரு பொதியோடும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளோடும்), எந்தக் கோப்பு யாருடையது, என்ன உரிமம் என்று சொல்லும் 'காப்பிரைட்' கோப்பு ஒன்று போகிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் பேச்சு.

> 'காப்புரிமைக் கோப்பு' என்று ஏற்கெனவே இரண்டு இடங்களில் மொழிபெயர்த்தாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமே?

வேண்டாம் நண்பரே. 1995-இல் மஞ்சளுக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்து 1997-இல் ரத்து செய்தார்களே, அதையும் காப்புரிமை என்றுதான் எழுதுகிறோம். சினிமாப் பாட்டு வழக்குக்கும் அதே சொல். பேட்டன்ட்டை விண்ணப்பித்து வாங்க வேண்டும். காப்பிரைட் நிரலை எழுதிய கணமே எழுதியவருக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிய வேண்டியதில்லை. அதற்குப் பதிப்புரிமை என்ற சொல் நன்றாகவே இருக்கிறது.

> அப்படியானால் 'பதிப்புரிமைக் கோப்பு'?

பாதிக்குத்தான் பொருந்தும். போன மாதம் ஒரு சின்ன விளையாட்டைப் பொதியாக்கினேன். எல்லாம் ஜிபிஎல் 3 என்ற உரிமத்தில் இருப்பதாக, கூடவே வந்த ரீட்மீ குறிப்பு சொன்னது. நானும் நம்பி ஒரே பத்தியில் முடித்துவிட்டேன். அப்புறம் கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உரிமம்: எழுத்துரு ஓஎஃப்எல், படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ், நடுவே ஒரேயொரு சி கோப்பு மட்டும் வேறு யாரோ எழுதிய எம்ஐடி. தலைக்குறிப்பில் அவர் பெயரும் 2009 என்ற ஆண்டும். எம்ஐடி நம்மிடம் கேட்பதே அந்தக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நகலோடு கொண்டுபோகச் சொல்லித்தான். அதையே விட்டிருந்தேன். புதுப் பொதிகளின் வரிசையில் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்ப்பது இதைத்தானே!

ஆக, உரிமை வேறு, உரிமம் வேறு. 2012-இல் டெபியன் கொள்கையோடு சேர்ந்த, இந்தக் கோப்பின் எந்திரம் படிக்கும் வடிவமும் எந்தக் கோப்புகள், யாருக்கு உரிமை, எந்த உரிமம் என்று தனித்தனி வரியாகத்தான் கேட்கிறது.

இந்த அமைப்பை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாளாக உறுத்தியது. எங்கள் ஊர் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில்தான்! அடங்கல் என்ற நிலக் கணக்கு. சர்வே எண், உட்பிரிவு, நிலம் யார் பேரில், என்ன பயிர். இன்னொரு நிலக் கணக்கான சிட்டா ஆள்வாரியாகப் போகும், அடங்கல் புலவாரியாகப் போகும். நம்முடையது கோப்புவாரி. எனவே என் பரிந்துரை: உரிமை அடங்கல்.

> இலங்கையில் அடங்கல் என்றால் ஒருவருக்கும் விளங்காது. அறிவுசார் சொத்தையே நாங்கள் புலமைச் சொத்து என்றுதான் சொல்கிறோம்.

நியாயம்தான் அண்ணா. ஆனால் சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காணிக் கணக்கு தெரியாது. தெரியாவிட்டாலும் 'உள்ளே அடங்கியவை' என்ற பொருளைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் சொன்ன 'உரிமை விவரக் கோப்பு' தப்பில்லை, ஆனால் 'விவரம்' எதோடும் ஒட்டிக்கொள்ளும்.

போகிற போக்கில் இன்னொன்று. அப்ஸ்ட்ரீமுக்கு (நாம் பொதியாக்கும் மென்பொருளை முதலில் எழுதி வெளியிடும் இடத்துக்கு) 'மேலோடை' என்று ஒருவர் போட்டிருந்தார். தலைமடை இருக்க மேலோடை எதற்கு? பொதியாக்கும் நாம் கடைமடைக்காரர்கள். அங்கே பராமரிப்பவர் ஆறு மாதம் பதில் போடாமல் இருந்தால் அந்தச் சொல்லின் அருமை புரியும்.

இதெல்லாம் நம் தமிழ்க் கையேட்டுக்கு மட்டும். கோப்பின் வரித் தலைப்புகளை மொழிபெயர்த்துவிடாதீர்கள், கருவிகளுக்குப் புரியாது. உரிம வாசகத்திலும் கைவைக்க வேண்டாம், மூலத்தில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலைப் புதுப்பிக்கிறேன். 'உரிமை அடங்கல்' ஒத்துவராதென்றால் அதற்குள் ஒரு மாற்றோடு எழுதுங்கள்.