பேரூராட்சிக்குச் சரக்குப் போட்டால் 45 நாளில் பணமா? யார் காதில் பூ?

சுண்ணாம்புமூட்டை:
வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. "சின்னப் பேரூராட்சிகளுக்கு பிளீச்சிங் பவுடர், எல்இடி விளக்கு, பைப் சப்ளை செய்யுங்கள். உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) இருந்தால் முன்வைப்புத் தொகை (ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் பிணைத்தொகை) கிடையாது. பில் கொடுத்த 45ஆம் நாள் பணம் கணக்கில் விழும்." எழுதிய புண்ணியவான் பேரூராட்சி அலுவலக வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். 45 நாளாம்! பில்லின் பின்பக்கம் இருப்புப் பதிவேட்டுப் பக்க எண் ஏறுவதற்கே அவ்வளவு நாள் ஓடிவிடும்.

எல்இடி_வேலன்:
அந்தப் பதிவு என்னுடையதுதான். எதில் தப்பு? 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பிரிவு 15. 45 நாள். தாண்டினால் பிரிவு 16, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தில் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சட்டம் தெரியாதவர்கள் மூட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
வேலன் சார், "பில் கொடுத்த" என்ற சொல் பிரிவு 15-இல் எந்த வரியில் இருக்கிறது? சரக்கை ஏற்ற நாளிலிருந்துதான் கணக்கு. ஏற்ற நாள் என்றால் சரக்கு இறங்கிய நாள். இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்தால், அந்த ஆட்சேபம் தீர்ந்த நாள். இரு தரப்பும் எழுத்தில் கெடு எதுவும் பேசவில்லை என்றால் 45 கூட இல்லை, 15தான். 45 என்பது எழுத்தில் பேசினாலும் தாண்டக்கூடாத வரம்பு. சொல் விளக்கம் உள்ள பிரிவு 2-ஐப் படிக்காமல் 15-ஐ மட்டும் படித்தால் இப்படித்தான்.

எல்இடி_வேலன்:
பில் இல்லாமல் யார் சரக்கு இறக்குகிறார்கள்? இரண்டும் ஒரே நாள். ஆக 45 சரி.

சுண்ணாம்புமூட்டை:
சட்டத்தில் 15 எழுதினால் என்ன, 45 எழுதினால் என்ன? பணம் வராது என்கிறேன், நீங்கள் தேதி பார்க்கிறீர்கள்.

மூன்றாம்_மேசை:
பணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சப்ளைக்கு முன்பே இருக்கிறது. வரிசை இதுதான். துப்புரவுப் பிரிவோ பொறியாளரோ தேவைக் குறிப்பு வைப்பார். பட்ஜெட்டில் அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இருக்கிறதா, பொது நிதியா, நிதிக்குழு மானியமா என்று பார்ப்பார்கள். மன்றப் பொருளாக வைத்துத் தீர்மானம் போடுவார்கள். பிறகு விலைப்புள்ளி அல்லது ஒப்பந்தப்புள்ளி. அதன் பிறகு செயல் அலுவலர் கையெழுத்திட்ட வழங்கல் ஆணை. சப்ளையர் என்ன செய்கிறார்? "தலைவர் சொல்லிட்டார், அவசரம்" என்று ஆணைக்கு முன்பே வண்டியை அனுப்பிவிடுகிறார். சரக்கு 3ஆம் தேதி, ஆணை 20ஆம் தேதி. இந்த பில்லை எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார். எனவே யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

சுண்ணாம்புமூட்டை:
வந்துவிட்டார்கள். தப்பெல்லாம் சப்ளையர் மேல். "அனுப்புங்க, ஆணை பின்னாடி வரும்" என்று போன் போடுவது யார், காக்காயா?

மூன்றாம்_மேசை:
எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மேசைக்காரர் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, விதிகள் 2000. 2 கோடி வரை ஒப்பந்தப்புள்ளி போடக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். முன்வைப்புத் தொகை சாதாரணமாக மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள். 8 லட்சத்துக்கு 8,000. இந்த 8,000-ஐ மிச்சம் பிடிக்கத்தான் உத்யம் சான்றை ஆட்டுகிறார்கள். விலக்கு தயாரிப்பாளருக்கு, அதுவும் அவர் தயாரிப்பதாகச் சான்றில் உள்ள பொருளுக்கு. கடை வைத்து வாங்கி விற்பவர் அதை நம்பித் தொகை கட்டாமல் விட்டால் தகுதி பார்க்கும் தொழில்நுட்ப உறையிலேயே வெளியே போவார், விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

இணைய ஒப்பந்தப்புள்ளி என்றால் மூன்றாம் வகை மின்கையொப்பம் வேண்டும். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினாலோ, கலத்தைக் கூட்டிக் குறைத்தாலோ தளம் ஏற்காது. கெடு நேரம் தளத்தின் கடிகாரப்படிதான், உங்கள் கைக்கடிகாரப்படி அல்ல. கடைசி அரை மணியில் ஏற்றுகிறவர்கள் தோற்பதற்கென்றே வருகிறவர்கள்.

இப்போது அந்த 45. வேலன் பதிவைப் படித்து ஏமாறப்போவது வணிகர்கள். 2021 ஜூலை 2 தேதியிட்ட ஒன்றிய அரசின் குறிப்பாணை மொத்த, சில்லறை வணிகர்களை உத்யமில் சேர்த்தது முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டும். தாமதப் பண வட்டிக்கு அல்ல. அதே 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சிறுதொழில் பதிவு சப்ளைக்கு முன்பே இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பயன் இல்லை.

எல்இடி_வேலன்:
நான் தயாரிப்பாளர். எனக்கு 45 உண்டு. என் பதிவு சரி.

கணக்குப்பிள்ளை:
உங்கள் பதிவில் "பிளீச்சிங் பவுடர், பைப்" என்று இருக்கிறது. அதையும் நீங்களே தயாரிக்கிறீர்களா?

வழிப்போக்கன்:
இவ்வளவு எதுக்கு சார், ஜெம் தளத்துல (அரசு அலுவலகங்கள் வாங்கற இணையச் சந்தை) பதிவு பண்ணிட்டா போச்சே?

சுண்ணாம்புமூட்டை:
தம்பி, ஜெம்-இல் பொருளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பேரூராட்சி தேடிவந்து கதவைத் தட்டாது. போய் அறிவிப்புப் பலகையைப் பார்.

எல்இடி_வேலன்:
ஜெம்-ஐக் குறை சொல்லவேண்டாம். உங்களுக்கு இணையம் வராது என்பது போன வருடம் பைப் விவாதத்திலேயே தெரிந்தது.

சுண்ணாம்புமூட்டை:
பைப் விவாதத்தில் அழுத்த வகையைப் போடாமல் விலை கேட்டவர் பேசுகிறார். அதே பைப்பில் 4 கிலோ அழுத்தம் ஒரு விலை, 6 கிலோ ஒரு விலை. அதுகூடத் தெரியாமல் ஒப்பந்தப்புள்ளி போடுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பைப் சண்டையை வேறு இழையில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரில் ஆட்சேபம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 1065-இல் முதல் தரத்துக்குக் குளோரின் 34 விழுக்காடு. மூட்டையைத் தகரக் கொட்டகையில் கோடையில் அடுக்கினால், ஈரம் பட்டால், குளோரின் இறங்கிக்கொண்டே போகும். ஆலைச் சான்றில் 34, ஆய்வகத்தில் அதற்குக் கீழே. உடனே எழுத்தில் ஆட்சேபம். உங்கள் 45 அன்றைக்கு நிற்கிறது. மூட்டையில் தயாரிப்பு மாதம், தொகுதி எண் இருக்கவேண்டும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டுச் சட்டப்பிரிவு பேசாதீர்கள். விளக்கிலும் இதே கதை. 10 கிலோவோல்ட் மின்னெழுச்சிப் பாதுகாப்பு கேட்டால் 4 கொடுப்பது, கம்பத்துக்குப் பொருந்தாத கிளாம்பு கொடுப்பது.

எல்இடி_வேலன்:
யார் 4 கொடுத்தது? பெயர் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பொதுவாகச் சொன்னேன். உங்களுக்கு ஏன் குத்துகிறது?

மூன்றாம்_மேசை:
பணம் வந்தாலும் "குறைச்சுட்டாங்க" என்று சண்டைக்கு வருவார்கள். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பிடித்தம் 2 விழுக்காடு. 2018 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. 3 லட்சம் சரக்கு, 18 விழுக்காடு வரி 54,000, மொத்தம் 3,54,000. பிடித்தம் 3 லட்சத்தில் 6,000. கைக்கு 3,48,000. அந்த 6,000 தொலையவில்லை. அலுவலகம் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கணக்குக் கொடுத்ததும் நீங்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரும்.

சுண்ணாம்புமூட்டை:
1 லட்சமாக மூன்று பில் போட்டால் பிடிக்கமாட்டீர்களே.

கணக்குப்பிள்ளை:
பிடிப்பார்கள். வரம்பு ஒப்பந்தத்துக்கு, பில்லுக்கு இல்லை. ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்க்கக் கொள்முதலையே உடைத்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபப் பத்தி ஏறும். அதற்குப் பயந்து அடுத்த வருடம் உங்களிடம் விலைப்புள்ளியே கேட்கமாட்டார்கள். இந்த யோசனையை யார் கொடுத்தது?

சுண்ணாம்புமூட்டை:
யோசனை இல்லை, நடப்பு. ஊரில் நடப்பதைச் சொன்னால் பத்தி, பிரிவு என்று பயமுறுத்துகிறீர்கள்.

எல்இடி_வேலன்:
எல்லோரும் சுற்றி வளைத்து நான் சொன்னதற்குத்தான் வருகிறீர்கள். பணம் வரவில்லையா, தாமதப் பணத்துக்கான ஒன்றிய அரசுத் தளத்தில் மனு போடுங்கள், வசதிக் குழுமம் (இந்தத் தகராறைத் தீர்க்கும் அமைப்பு) கூப்பிடும். தீர்ப்பை எதிர்த்து அலுவலகம் வழக்குப் போக வேண்டுமானால் 75 விழுக்காட்டை முதலில் கட்டவேண்டும், பிரிவு 19. 45 நாள் என்பது வலுவான ஆயுதம்.

சுண்ணாம்புமூட்டை:
மனுப் போட்டவருக்கு அடுத்த ஆணை அந்த மாவட்டத்தில் யார் தருவார்கள்?

எல்இடி_வேலன்:
பயந்தாங்கொள்ளிகளுக்குச் சட்டம் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆயுதம் இருக்கட்டும். உங்கள் விநியோகச் சலானில் "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று தேதி, முத்திரையோடு கையெழுத்து வாங்குகிறீர்களா? அது இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து 45 எண்ணுவீர்கள்?

எல்இடி_வேலன்:
பில் தேதியிலிருந்து.

கணக்குப்பிள்ளை:
மேலே என் முதல் பதிலைப் படியுங்கள்.

எல்இடி_வேலன்:
படித்தேன். 45 தான்.

வழிப்போக்கன்:
சார், அந்த மின்கையொப்பம் எங்க வாங்கறது? எவ்வளவு ஆகும்?

சுண்ணாம்புமூட்டை:
வேலனிடம் கேள். 45 நாளில் வந்துவிடும்.