புதுப்பிப்பு: பங்கு விற்ற நட்டம், அமெரிக்க வரி

இலங்கையின் உப்புவெளியில் வசிக்கும் அமெரிக்கக் குடியுரிமைக்காரன், சென்ற ஆண்டு விற்ற பங்குகளின் நட்டம் முழுவதையும் வரியில் கழிக்கலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

முடியாது. நட்டம் 9,200 டொலர், இன்னொரு பங்கில் இலாபம் 2,000. இலாபத்தை ஈடுசெய்த பின் மிஞ்சும் நட்டத்தில் ஆண்டுக்கு 3,000 டொலர் மட்டுமே மற்ற வருமானத்திலிருந்து கழியும். மீதி அடுத்த ஆண்டுகளுக்குப் போகும்.

இதற்கிடையே என் புத்திசாலித்தனமும் வெளிப்பட்டது. விற்ற பங்கில் கொஞ்சத்தை, விலை இறங்கிவிட்டதே என்று, பன்னிரண்டாம் நாளே திரும்ப வாங்கியிருந்தேன். விற்பதற்கு முன்னோ பின்னோ 30 நாட்களுக்குள் அதே பங்கை வாங்கினால் அந்த அளவுக்கு நட்டம் ஏற்கப்படாது. அப்படி 1,200 டொலர் போயிற்று. போயிற்று என்பதும் சரியல்ல. புதிய பங்கின் கொள்விலையோடு அது சேர்கிறது, அதை விற்கும்போது கைகொடுக்கும். ஆகவே 9,200இல் இந்த 1,200ம் இலாபம் 2,000ம் போக மிஞ்சுவது 6,000: இவ்வாண்டு 3,000, அடுத்த ஆண்டுக்கு 3,000.

8949 படிவத்தில் ஒவ்வொரு விற்பனையையும் எழுதி, மொத்தத்தை, இலாப நட்டத்தைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை டி-க்குக் கொண்டுபோனேன். 2011க்கு முன் வாங்கிய பங்குகளின் கொள்விலையைத் தரகர் வரித்துறைக்கு அறிவிப்பதில்லை. பழைய சீட்டுகளைத் தேடி இரும்புப் பெட்டியைக் கவிழ்த்ததில் இரண்டு மாலைகள் கழிந்தன.

“ஏப்ரல் 15 தாண்டிவிட்டதே அண்ணா” என்று பதறிய தம்பிக்கு: வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு. ஆனால் கட்டவேண்டிய வரிக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடும். எனக்குக் கட்ட ஒன்றுமில்லை. நேற்று அனுப்பிவிட்டேன்.